ஒன்பதரைக்கு மேல்தான்

நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து பஸ்ஸில் தொற்றினார் பெரியவர். விரலிடுக்கில் சிவப்பாகக் கசிவதைப் பார்த்துவிட்டு, முன் சீட்டுப் பெண்மணி "ஐயோ, ரத்தம்!" என்று அலறினாள்.

"ரத்தம் இல்லம்மா, மை" என்று சட்டைப் பையிலிருந்து ஒழுகும் பேனாவை எடுத்துக் காட்டினார் அவர். ரத்தமாக இருந்தால்கூடத் தேவலை என்பது போல இருந்தது குரல்.

அச்சகத்தில் அவருக்கு 'சிவப்புப் பேனா' என்று பெயர். புரூஃப் திருத்துகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். நின்றது சம்பளம்தான், அவர் நிற்கவில்லை. தினமும் முதியோர் இலவச பாஸில் பஸ் ஏறி அச்சகம் போய், மதியச் சாப்பாட்டு நேரம்வரை எல்லாரையும் திருத்திவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

கண்டக்டர் பாஸை வாங்கிப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பெரியவரே, இது ஒன்பதரைக்கு மேலதான் செல்லும். இப்ப மணி எட்டு. டிக்கெட் எடுங்க."

"அவசரம்ப்பா!"

"ஆஸ்பத்திரிக்கா?"

"அதைவிட அவசரம். அச்சகத்துக்கு."

கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அங்க யாருக்கு என்ன ஆச்சு?"

"கூட்டுறவுச் சங்கத்து ஆண்டறிக்கைப்பா. தலைவர் படத்துக்குக் கீழ பொருளாளர் பேரு, பொருளாளர் படத்துக்குக் கீழ தலைவர் பேரு. ராத்திரி படுத்தப்புறம்தான் உறைச்சுது. இன்னிக்குக் காலையில மெஷின்ல ஏத்துறதாச் சொல்லியிருக்காங்க. ஏறிட்டா என் மானம் போச்சு!"

"ஒரு போன் போட்டுச் சொல்றதுதானே?"

"போட்டுப் பாத்துட்டேன். ஒருத்தனும் எடுக்க மாட்டேங்கிறான்."

"சரி, டிக்கெட் எடுங்க. வேலைக்குப் போறவங்களுக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னுதானே இந்த நேரக் கட்டுப்பாடே வெச்சிருக்காங்க."

"நான் என்ன ஊர் சுத்திப் பாக்கவா போறேன்? நானும் வேலைக்குத்தான்யா போறேன்!" சிவப்புப் பேனாவின் குரல் பஸ்ஸின் கடைசி சீட்டுவரை போனது. "இந்த ரூலைப் போட்டவன் அடிமுட்டாள்!"

"அதை அவர்கிட்டச் சொல்லிக்குங்க. என்கிட்டச் சில்லறை குடுங்க."

ஓய்வு பெற்றபின் முதல்முறையாகக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினார். தியாகிக்குரிய முகத்தோடு ஜன்னலோரமாக உட்கார்ந்தார். 'அங்க உங்களுக்கு என்னதான் வேலை?' என்று மனைவி வாசல்வரை வந்து கேட்டது நினைவுக்கு வந்தது. பாவம், அவளுக்கு என்ன தெரியும்!

அந்த ஆண்டறிக்கையோடு அவர் மூன்று மாதமாக மல்லுக்கட்டுகிறார். இன்று திருத்திய பிழை நாளைக்கு அதே இடத்தில் மறுபடி முளைத்திருக்கும். 'நான் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகள் என்ன ஆவார்கள்!' என்று தலையிலடித்துக்கொண்டு மறுபடி திருத்துவார். எழுத்தைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்காத கண்கள் அவருக்கு. அதனால்தான் படங்கள் இத்தனை நாள் தப்பிவிட்டன.

அவர் உள்ளே நுழைந்ததுமே மெஷின்கள் நின்றுவிடும், ஆட்கள் எழுந்துவிடுவார்கள். அவர் கிளம்பும்வரை ஒரு சக்கரம் சுற்றாது. தம் கையெழுத்து விழாமல் அங்கே ஒரு காகிதமும் நகராது என்பதை வீட்டில் பல தடவை சொல்லியாயிற்று, யாரும் காது கொடுத்ததில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கித் தெரு முனை திரும்பும்போதே மெஷின் சத்தம் கேட்டது. "போச்சு, ஏத்திட்டானுங்க!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

உள்ளேயிருந்து முதலாளியின் குரல் விரட்டியது. "சீக்கிரம்ப்பா, சீக்கிரம்! ஒன்பதரைக்குள்ள பாதியாவது முடிச்சாகணும்!"

"நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே வாசலில் போய் நின்றார் சிவப்புப் பேனா.

நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். எல்லா மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. கட்டிங்காரர் ஒரு பக்கம் கட்டுக்கட்டாக வெட்டித் தள்ள, மறுபக்கம் சட்டைக் கையைச் சுருட்டிவிட்ட முதலாளியே கட்டுகளைத் தோளில் சுமந்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடப் புத்தகங்கள், விளம்பர நோட்டீஸ்கள், ரசீதுப் புத்தகங்கள் எல்லாம் கூரையைத் தொட்டன. எதிலும் ஒரு சொட்டு சிவப்பு மை இல்லை.

"ஆண்டறிக்கை எங்கப்பா? எந்த மெஷின்ல ஓடுது?"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளியின் பார்வை அவரையறியாமல் பைண்டிங் மேஜைப் பக்கம் போய்விட்டு, சுட்டுக்கொண்டது போலத் திரும்பி வந்தது.

சிவப்புப் பேனாவும் அங்கே பார்த்தார். ஆடுகிற மேஜைக் காலுக்கு அண்டக்கொடுத்திருந்தது, கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை. அச்சாகி, அட்டை போட்டு, நிறம் வெளுத்து, மேலே ஒரு விரல் தூசியோடு.

பசை வாளியும் கையுமாக நின்ற பைண்டிங் அம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். அவள் முகத்தில் நிஜமான பீதி.

"பாஸ் நேரத்தை மாத்திட்டாங்களாய்யா?"

அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். சட்டைப் பையில் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்த பேனாவை எடுத்து, நிதானமாக மூடி போட்டார்.

"இல்லம்மா. அந்த ரூலைப் போட்டவன் கெட்டிக்காரன்."