மாமி முன்னுக்கு வரமாட்டா

"மதினி மௌத்தாகி வருஷம் ஒண்டாகுது. இன்னும் மாமிட வீட்டுல உங்களுக்கு என்ன வேல காக்கா? ஊர் சிரிக்குது!"

ஜெனூபா வந்த களைகூட ஆறவில்லை. மதினியை அடக்கிய ஜனாஸாவுக்குப் பிறகு முழங்கால் வருத்தத்தால் இந்தச் சாய்ந்தமருதுப் பக்கமே வராதவள், இன்று வரிப்பத்தான்சேனையிலிருந்து ஓட்டோ பிடித்து வந்திருந்தாள். ஓட்டோவை அனுப்பவும் இல்லை. கூடப்பிறந்த காக்காவைப் பெட்டி படுக்கையோடு ஏற்றிக்கொண்டு போவதாகத்தான் திட்டம்.

அபுல் ஹஸன் கதிரையில் சாய்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். நீர்ப்பாசனக் கந்தோரில் ஓவசியராக இருந்து பென்சன் எடுத்தவர். வாய்க்கால் தண்ணிக்கு மண்வெட்டியோடு சண்டைக்கு வந்த கமக்காரர்களையே அடக்கிய மனிசன், தங்கச்சிக்கா பயப்படப் போகிறார்?

"சிரிப்பு வந்தாச் சிரிக்கட்டும் புள்ள. சிரிக்கிறது ஒடம்புக்கு நல்லம் எண்டு கிளினிக்குல டொக்டரும் சொன்னவர்."

"பகிடி விடாதங்க. பொஞ்சாதி இரிக்கும் வரைக்கும்தான் ஆம்பிளைக்குப் பொஞ்சாதி வீடு. அவ போயிட்டா கூடப்பொறந்தவள்ட வீட்டுக்கு வாறதுதானே நம்மட வழமை?"

"வழமைய நீயே வெச்சிக்க. நான் வரமாட்டன்."

"அப்ப உங்களுக்குச் சோறாக்குறது ஆரு?"

"நேரத்துக்குச் சோறு வருகுது."

"குளிசை?"

"அதுவும் நேரத்துக்கு. சீனியும் இறங்கிட்டு, பிறஷரும் இறங்கிட்டு. டொக்டருக்கே ஆச்சரியம்."

ஜெனூபா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "யா அல்லாஹ்! அந்த மனிசிக்கு எம்பது தாண்டிட்டு. மகளையும் மண்ணுக்குக் குடுத்துட்டு, மருமகனுக்கு ஆக்கிப் போடுறாவா? உங்களுக்கு வெக்கமா இல்லியா?"

"இல்ல."

அவ்வளவுதான் பதில். எழும்பிக் குசினிக்குள் போனவர் இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணியோடு திரும்பினார். ஒரு மிடறு குடித்த ஜெனூபா கோப்பையைத் திரும்பிப் பார்த்தாள். மதினியின் கைப்பக்குவம் அப்படியே இருந்தது. மதினிக்குச் சொல்லிக் கொடுத்ததே மாமிதானே என்று நினைத்துக்கொண்டாள்.

"மாமி எங்க? நான் வந்து இவ்வளவு நேரம், ஒரு சலாம் சொல்லக்கூட வரல்லியே."

"நான் இரிக்கக்க மாமி முன்னுக்கு வரமாட்டா. தெரியாதா உனக்கு?"

தெரியும். கலியாணம் முடித்த நாளிலிருந்து மாமி மருமகனுக்கு முகம் காட்டிக் கதைத்ததில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால்தான் நிற்பா. மருமகன் சாப்பிட்டாரா, ஆணத்துக்கு உப்புக் காணுமா, எல்லாம் மகள் முனவ்வறாவைக் கேட்டுத்தான். மருமகன் கையால் ஒரு கோப்பை தண்ணி வாங்கிக் குடிக்கிறதென்றால் மாமிக்கு உயிரே போய்விடும்.

"இன்னுமா அந்த வெக்கம்?"

"இன்னும்தான்." அவர் மீண்டும் கதிரையில் சாய்ந்தபோது சட்டைப் பைக்குள் ஏதோ கிலுங்கியது.

"என்ன அது?"

"பூட்டுத் திறப்பு."

ஜெனூபா கடைசியாக வைத்திருந்த கதையை எடுத்தாள். "எங்கட ஊர்ல கைருன்னிஸா எண்டு ஒரு பொம்பள இரிக்கா. புருஷன் மௌத்து. தங்கமான மனிசி. ஒரு நிக்காஹ் முடிச்சா உங்களப் பாக்கவும் ஒரு ஆளாச்சு."

அபுல் ஹஸன் எழும்பிவிட்டார். "என்னப் பாக்க ஆள் வேணாம்! ஆருட இரக்கமும் எனக்குத் தேவல்ல. சுபஹுக்குப் பள்ளிக்குப் போறன், கடக்கரையால நடந்து வாறன், மத்தியானம் மீனாணம் ஊத்தித் திங்கிறன். ராசா மாதிரி இரிக்கன். இந்த வீட்டுலருந்து என்ன எடுக்குறதெண்டா மௌத்தான பொறகு சந்தூக்குல வெச்சித்தான் தூக்கணும். போய்ச் சொல்லு ஊருக்கு!"

"சத்தம் போடாதங்க, மாமிக்குக் கேக்கப் போகுது."

"கேட்டாக் கேக்கட்டும்," என்றார். ஆனால் குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

ஜெனூபாவுக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது. "பாவம் மாமி. பேரப்புள்ளயும் இல்லாத மனிசி, கெழட்டுப் புள்ளயொண்ட வளக்குறா," என்று முணுமுணுத்தபடி படியிறங்கினாள்.

ஓட்டோவில் ஏறிக் குந்திய பிறகுதான் கைப்பையை விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. முழங்காலைத் திட்டிக்கொண்டே திரும்பி வந்தாள். கதிரை காலியாக இருந்தது. உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது.

கட்டிலில் மாமி கிடந்தா. எலும்பும் தோலுமாகச் சுருங்கிப் போயிருந்தா. இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை, நினைவும் தடுமாறிப் போயிருந்தது. கட்டில் ஓரத்தில் காக்கா கஞ்சிக் கோப்பையோடு குந்தியிருந்தார். மதினியின் கண்ணாடி வளையல்கள், அவர் மணிக்கட்டுக்கு ஏறாமல், விரல்களில் மாட்டியிருந்தன.

"முனவ்வறா... மருமகன் திண்டுட்டாரா மகள்?"

அபுல் ஹஸன் வளையல்களைக் கிலுக்கினார். குரலை ஒடுக்கி மெல்லச் சொன்னார். "ஓம் உம்மா, திண்டுட்டாரு. நீங்க வாயத் தொறங்க."

மாமி ஒரு கரண்டி கஞ்சியை விழுங்கினா. "நான் இப்புடிக் கெடக்குறது அவருக்குத் தெரியக் கூடா மகள். எனக்கு வெக்கம்."

"அவருக்கு ஒண்டும் தெரியா உம்மா," என்றார் மருமகன்.