மெதுவாக இறங்கும் கால்

ஆஸ்திரியாவின் டிரோல் மலையூர் ஒன்றில், பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், அக்டோபர் மாலை வெளிச்சத்தில், ரோஸ்விதா மரப்பெட்டிமேல் ஒற்றைக் காலில் நிற்கிறாள். போன பனிக்காலத்தில் பனியில் சறுக்கும்போது முழங்காலின் தசைநார் அறுந்து, தைக்கப்பட்ட கால் அது. சறுக்குபவரின் தொடை வண்டியின் பிரேக் மாதிரி. வேகத்தைத் தாங்கித் தாங்கி விடவேண்டும். அதனால் பனிக்கு முன் நடக்கும் இந்தப் பயிற்சி வகுப்பில் ஏறப் பழகுவதில்லை, மெல்ல இறங்கத்தான் பழகுகிறார்கள். முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் இந்தப் பனிக்காலம் அவளுக்குச் சறுக்கு கிடையாது. பயிற்சியாளர் குந்தர் அதையே உற்றுப் பார்த்தபடி மண்டியிட்டிருக்கிறார். அவள் மறுகால் தரையைத் தொடும்வரை வகுப்பின் மற்றவர்கள் சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். "சீக்கிரம் இறங்குடி, தொடை பத்திக்கிட்டு எரியுது!" என்கிறான் கணவன் அலோய்ஸ். "ராத்திரி பாலாடைக்கட்டி தின்னப்போ எரியலையா?" என்கிறாள் அவள், அவசரப்படாமல். தொடை நடுங்குகிறது, முழங்கால் நேராகவே மடங்குகிறது. குதிகால் தரையைத் தொடுகிறது. சுவரோரம் எல்லோரும் பொத்துப்பொத்தென்று சரிகிறார்கள். கூடத்தில் நிற்பவள் அவள் மட்டும்தான்.