வெயிலில் காயாத புழு

"அண்ணா, உன் மெயில் பாஸ்வேர்டைச் சொல்லு."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. எதை வேண்டுமானாலும் கேள், அவனிடம் அதை மட்டும் கேட்காதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

அண்ணன் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே முறைத்தான். "எதுக்கு?"

"கம்ப்யூட்டர்ல வார்ம் பூந்திருக்கு. நீ எப்பவோ அனுப்பின மெயிலைத் தோண்டியெடுத்து, தன்னையும் ஒட்டவெச்சு, அதே ஆளுங்களுக்கு மறுபடி அனுப்பிட்டிருக்கு. சித்தப்பாவுக்குப் போன வருஷப் பிறந்தநாள் வாழ்த்து இன்னிக்கு நாலு தடவை வந்துச்சாம். இன்னும் எத்தனை வயசு ஏத்துவீங்கன்னு கேக்குறார்."

"கண்ட பென்டிரைவையும் கொண்டாந்து சொருகுறவ நீதானே?"

"'பரிசு விழுந்திருக்கு'ன்னு நேத்து வந்ததைத் திறந்தது யாரு?"

அண்ணன் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"வார்ம்னா என்னடி?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள்.

"புழு."

"அவ்வளவுதானே? வெயில்ல வெச்சா ஓடிடும்."

"இது பருப்பு டப்பா இல்லம்மா."

அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் அவள். ஆனால் வேலைக்கு விண்ணப்பம் போட்டால் அண்ணன் ஐடி, அண்ணன் போன் நம்பர். பொம்பளைப் பிள்ளை விவரம் ஊரெல்லாம் சுற்றக்கூடாதாம். நேர்காணல் முடிந்த நாளிலிருந்து பதில் வந்ததா என்று அவள் கேட்பதும், அவன் உதட்டைப் பிதுக்குவதுமாகவே மாதங்கள் ஓடிவிட்டன.

"கடைசியாக் கேக்குறேன். பாஸ்வேர்டைத் தருவியா, மாட்டியா?"

"என் மெயிலுக்குள்ள உனக்கென்ன வேலை? புழுவைப் பிடிக்கத் தெரிஞ்சா பிடி."

பிடித்தாள். நெட் கேபிளைப் பிடுங்கினாள். வார்மை அழிக்கிற மென்பொருளை ஓடவிட்டு, ஒளிந்திருந்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி அழித்தாள். அண்ணன் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றான். திரையைவிட்டு அவன் கண் நகரவில்லை.

"போயிடுச்சாடி?" என்றாள் அம்மா.

"கம்ப்யூட்டர்ல இருந்தது போயிடுச்சு."

எழுந்துபோய்க் கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்தாள். அவன் குளித்து வருவதற்குள் அடுக்கி வைத்தது. மேலாக சர்டிபிகேட் கவர் துருத்திக்கொண்டிருந்தது.

"பையைத் தூக்கிட்டு எங்க கிளம்பிட்ட?"

"வேலைக்கு. இடம் இன்னும் காலியாத்தான் இருக்காம்."

"யாரு சொன்னது?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படி இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ குளிக்கும்போது உன் போன்ல அந்தக் கம்பெனி. 'வேலை வேணாம்னு எத்தனை தடவைம்மா மெயில் போடுவே?'ன்னு கேட்டாங்க."