இரண்டு மணி ஃபைல்

பக்கிரிசாமிக்கு வியர்த்துக் கொட்டியது. கம்ப்யூட்டர் அறையில் ஏ.சி. ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை.

புத்தலப்பட்டு தாண்டி ரோட்டோரம் இருக்கும் மாங்கூழ் ஃபேக்டரியில் அவர் ஸ்டோர் ரூம் காவலர். பதினோரு வருஷத்தில் ஒரு கெட்ட பெயர் கிடையாது. இன்றைக்கு அவர் காவலில் இருந்த அலமாரியிலிருந்து, வெளிநாட்டுக்குப் போகவேண்டிய சாம்பிள் டின் காணாமல் போயிருந்தது. காலையில் இருந்தது. மூன்றரைக்கு மேனேஜர் வந்து பார்த்தபோது இல்லை.

"திருடன் எங்க போய்டுவான்? ஒரு ரூம் விடாம கேமரா மாட்டியிருக்கேன். என் கேபின்லகூட மாட்டச் சொன்னேன். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்!" என்றார் மேனேஜர் முரளிதரன்.

கம்ப்யூட்டர் பார்க்கும் சந்தியா, "ஸ்டோர் ரூம் வீடியோ போடட்டுமா சார்?" என்றாள்.

"அம்மாம் நேரம் யாரு உக்காந்து பாத்துக்கினு இருக்கறது? முதல்ல ஃபைல் சைஸைப் பாரும்மா. எல்எஸ், மைனஸ் எல்எச் அடி. எச் போட்டாதான் மனுஷனுக்குப் புரியற மாதிரி காட்டும்."

திருப்பதியில் இரண்டு நாள் லினக்ஸ் வகுப்புக்குப் போய்விட்டு வந்தவர் அவர். அன்றிலிருந்து ஃபேக்டரியில் யாருக்கும் நிம்மதி இல்லை.

சந்தியா அடித்தாள். மணிக்கு ஒரு ஃபைலாகத் திரையில் வரிசை கட்டி நின்றன. தொள்ளாயிரம் எம்பி, எண்ணூற்று எழுபது, தொள்ளாயிரத்துப் பத்து. இரண்டு மணி ஃபைல் மட்டும் நாற்பத்தெட்டு எம்பி.

"பாத்தியா! வீடியோவை வெட்டிட்டான்!" மேனேஜர் மேஜையைத் தட்டினார். "நேத்தியது எவ்ளோ?"

"ஐம்பத்தொண்ணு சார்."

"முந்தாநேத்து?"

"நாற்பத்தாறு. இந்த வாரம் பூரா இப்படித்தான். ஞாயித்துக்கிழமை மட்டும் எண்ணூத்தி எண்பது இருக்கு."

"ஞாயித்துக்கிழமை யாரு ட்யூட்டி?"

சந்தியா தயங்கினாள். "கருப்பன் சார். பக்கிரி அண்ணாவுக்கு அன்னிக்கு லீவு."

மேனேஜர் மெதுவாகத் திரும்பிப் பக்கிரிசாமியைப் பார்த்தார்.

இரண்டு மணிக்குமேல் தான் செய்வது தனக்கும் ஏழுமலையானுக்கும் மட்டுமே தெரியும் என்று பக்கிரிசாமி நம்பிக்கொண்டிருந்தார். எதிரே இருந்த கேமராவை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ஃபைலை வெட்டிவிட்டார்கள் என்று கேட்டதும் முதலில் வந்தது சந்தோஷம்தான். எவன் வெட்டியிருந்தாலும் அவன் நன்றாயிருக்கட்டும் என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டார்.

"டின் எங்கய்யா?"

"சத்தியமா நான் எடுக்கல சார்."

"அப்ப தெனம் ரெண்டு மணிக்கு இன்னா பண்றே? சொல்லு!"

பக்கிரிசாமி தரையைப் பார்த்தார்.

"சரி, போலீஸ்ல சொல்லு" என்று மேனேஜர் போனை எடுத்தார். ஆவணியில் பக்கிரிசாமியின் மகள் மல்லிகாவுக்குக் கல்யாணம். போலீஸ் ஜீப்பில் ஏறினார் என்று தெரிந்தால் சம்பந்தி வீட்டார் திரும்பிப் பார்ப்பார்களா?

மேனேஜர் நம்பரைத் தேடுவதற்குள் மேஜைமேலிருந்த இன்னொரு போன் மணியடித்தது. லேபிலிருந்து சுந்தரி. சந்தியா எடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சார், டின் லேப் ஃபிரிட்ஜில இருக்குதாம். மூணு மணிக்கு மேல அண்ணா டீ குடிக்கப் போயிருந்தாராம், அப்ப சுந்தரி எடுத்தாந்து வெச்சுதாம். வெக்கச் சொன்னதே நீங்கதானாம்."

மேனேஜருக்கு ஏமாற்றமாகிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "டின் கெடக்கட்டும். ஃபைலை வெட்டினது யாரு? அதுவும் குத்தம்தான்."

"யாரும் வெட்டல சார். ஒரு மணி நேரமும் முழுசா இருக்கு. நம்ம கேமரா அசையறதை மட்டும்தான் புதுசா எழுதும். ஆளு நடந்தா, டின் நகர்ந்தா ஃபைல் பெருத்துடும். எதுவுமே அசையலன்னா..." அத்தோடு நிறுத்திக்கொண்டு, பாவமாகப் பக்கிரிசாமியைப் பார்த்தாள்.

"போடு அந்த வீடியோவை!"

போட்டாள். நாற்காலி. அதில் பக்கிரிசாமி. வாய் திறந்திருந்தது. ஓட்டிப் பார்த்ததில் இரண்டு நாற்பதுக்குத் தொப்பி கீழே விழுந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் நடந்த ஒரே சம்பவம் அதுதான்.

"பட்டப்பகல்ல, ட்யூட்டி நேரத்தில, தெனம் ஒரு மணி நேரம் தூக்கமா?" மேனேஜரின் குரல் வாசல்வரை கேட்டது. பேனாவைத் திறந்து மெமோ எழுத உட்கார்ந்தார். "நாளையிலேர்ந்து நீ வரவேணாம்."

"மத்தியானம் சோறு துன்னா கண்ணு தானா சொக்கிடுது சார். பொண்ணு கல்யாணம் வெச்சிருக்கேன். இந்த ஒரு வாட்டி மன்னிச்சுடுங்க சார்." பக்கிரிசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"தூங்கறவனுக்கு இங்க எடமில்ல. இவன் ஒருத்தன்தானா, இன்னும் இருக்காங்களா? சந்தியா, எல்லா கேமராவோட ரெண்டு மணி ஃபைலையும் எடு. கூட எஸ், ஆர் சேத்து அடி. ரொம்பச் சின்னது முதல்ல வரும்."

"இப்ப எதுக்கு சார்? நாளைக்குப் பாத்துக்கலாமே..."

"அடிம்மா!"

அடித்தாள். பக்கிரிசாமியின் ஸ்டோர் ரூம் இரண்டாவதாகத்தான் வந்தது.

"ரெண்டாவதா? இவனையே மிஞ்சின கும்பகர்ணன் யாருய்யா அது?" மேனேஜர் மெமோவில் பேனாவை ஊன்றிக்கொண்டார். "அவனையும் இதே பேப்பர்ல வீட்டுக்கு அனுப்பறேன். படி!"

சந்தியா திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் படித்தாள்.

"மேனேஜர் கேபின் சார். பன்னெண்டு எம்பி."