கண்ணாடிகளை ஏற்றிய பிறகு

கார்க் கதவைத் திறந்ததும் உதயகலா முதலில் குனிந்து பார்த்தது பிரேக் மிதியைத்தான்.

மீற்றர் பொய் சொல்லும், மிதி சொல்லாது. இரண்டு மாதமாகப் பழைய கார்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அது பிடிபட்டிருந்தது. எண்பதாயிரம் கிலோமீற்றர்தான் ஓடியது என்று சத்தியம் செய்தவர்களின் கார்களில் மிதி ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து கிடந்தது.

இந்தக் காரின் மீற்றர் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் காட்டியது. மிதியும் அதையேதான் சொன்னது.

தான் மீற்றரில் கை வைக்கிற ஆளில்லை என்றார் காரின் சொந்தக்காரர் சிமியோன். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்கியே ஓடிய ஓட்டம் அது என்றார். கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

எரிச்சல் காலையிலேயே தொடங்கிவிட்டது. கந்தசஷ்டி மூன்றாம் நாள், வயிற்றில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. அதோடு, இந்த வீட்டை விசாரித்துவிட்டு வருகிறேன் என்று போன கணவன் செல்வநாயகம் அவளைத் தேவாலய வாசலில் கால் மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டான்.

ஆனால் கார் வேண்டும். உடுப்பிட்டியிலிருந்து வேலணைப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க அவள் தினமும் போய்வர வேண்டும், இன்னும் மூன்று வருடத்துக்கு இடமாற்றமும் கிடையாது. போன மாரியில், வழியிலுள்ள வல்லை வெளிக் காற்று அவளை ஸ்கூட்டியோடு தூக்கி எறிந்தது. அன்றைக்கு முறிந்த தோள் இன்னும் சரியாகவில்லை, இடது கை தலைவரை எழும்பாது. இன்னொரு மாரியை ஸ்கூட்டியில் கடக்க அவளுக்குத் துணிவில்லை. அவர்கள் கைக்கு எட்டிய விலையில் மிஞ்சியிருந்ததும் இந்த ஒரு கார்தான்.

அதை அவள் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. வைப்பரைப் போடச் சொன்னாள். ரயர் நாலையும் தடவிப் பார்த்தாள். கதவின் அடிப்பக்கத்துத் துருவை நகத்தால் சுரண்டினாள். சிமியோன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அவருடைய மனைவி லூர்த்தம்மா பால் தேத்தண்ணி கொண்டுவந்தாள். உதயகலா வேண்டாம் என்றாள். விரதம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மீனவர் ஊரான குருநகரில் ஒரு வீட்டில் வாய் நனைக்க மறுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று சிமியோனுக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. அவர் முகம் கறுத்தது.

ஓடிப் பார்க்க வேண்டும் என்றாள். சிமியோன் கார்த் திறப்பைக் கையில் கொடுக்காமல் பொனற்றின் மேல் வைத்துவிட்டு, முன்சீற்றில் ஏறினார். முற்றத்தில் நின்ற ஸ்கூட்டியைச் சுற்றிய பூனைகளைத் துரத்திக்கொண்டிருந்த செல்வநாயகம் கடைசியாக வந்து பின்சீற்றில் ஏறினான்.

கார் வழுக்கிக்கொண்டு போனது. கியர் மாற்றும் வேலையில்லை, ஸ்ரியரிங் ஒரு கைக்கே திரும்பியது. கடற்கரை வீதிக்கு ஏறும்போதே இதுதான் தன் கார் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். நெஞ்சுக்குள் ஓர் ஆறுதல் வந்தது.

மழையில் கண்ணாடிகளை ஏற்றித்தானே ஓட வேண்டும், அதையும் பார்த்துவிடலாம் என்று நாலு கண்ணாடியையும் ஏற்றி ஏசியைப் போட்டாள்.

இரண்டாவது வளைவில் மீன் மணத்தது.

காரை ஓரமாக நிறுத்தி, மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு இறங்கினாள். மூன்று லட்சம் கிலோமீற்றரும் எதை ஏற்றி ஓடியது என்று இப்போது தெரிகிறது என்றாள். சிமியோன் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் தனக்கு ஒன்றும் மணக்கவில்லை என்றார். பிறந்ததிலிருந்து அந்தக் கடற்கரையில் இருப்பவருக்கு எப்படி மணக்கும் என்று திருப்பிக் கேட்டாள்.

"பதின்மூண்டு வரியமா நான் வைச்சிருக்கிற கார், ரீச்சர். ஒரு மீன் செதில் ஏறினதெண்டு காட்டுங்கோ, சும்மா கொண்டு போங்கோ."

"குருநகர்க் காரிலை வேறை என்ன ஏறும்?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. திருப்பி எடுக்க மனம் வரவில்லை. செல்வநாயகமாவது குறுக்கே வந்து இரண்டு வார்த்தை சொல்வான் என்று பார்த்தாள். அவன் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிக்கொண்டிருந்தான்.

சிமியோன் சாரதி ஆசனத்துக்கு மாறினார். வீட்டு முற்றத்தில் நிறுத்தி அவர்கள் இறங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"ஆருக்கு வித்தாலும் உங்களுக்கு விக்கமாட்டன். கோடி தந்தாலும் விக்கன்."

ஸ்கூட்டியில் திரும்பும் வழியெல்லாம் அந்த மணம் விடவில்லை. கையை மோந்தாள், சேலைத் தலைப்பை மோந்தாள். காரின் நாற்றம் தன் உடம்பிலும் ஒட்டிக்கொண்டது என்று சிமியோனை ஊர் பெயரோடு சேர்த்துத் திட்டினாள். செல்வநாயகம் ஸ்கூட்டியை இன்னும் விரைவாக ஓட்டினான்.

வல்லை வெளியில் மழை பிடித்துக்கொண்டது. மழைக்கோட்டு எடுப்பதற்காக அவன் ஸ்கூட்டியை நிறுத்தினான்.

முன் கொழுக்கியில் ஒரு பை தொங்கியது. அதன் அடியிலிருந்து சிவப்பாய்த் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நெல்லியடியில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டில் கொடுக்க, காலையில் வீடு விசாரிக்கப் போன இடத்தில் வாங்கிய பாரைமீன் என்றான். விரதகாரியிடம் சொன்னால் சண்டை வரும் என்று சொல்லவில்லையாம்.

காற்று அவளைப் பக்கவாட்டில் தள்ளியது. அவள் வலது கையால் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"காருக்குள்ளையும் கொண்டு வந்தனீங்களோ?"

"பூனையள் விடேல்லை. உம்மடை சீற்றுக்குக் கீழைதான் வைச்சனான்."