எதிர்வீட்டு முள்மரம்

எதிர்வீட்டுத் தமயந்தி குன்னூர் நர்சரியில் வாங்கி வாசலில் வைத்த ஹாதார்ன் மரம் அவள் தோளுயரம்கூட வரவில்லை. அதற்குள் கிளையெல்லாம் வெள்ளைப் பூ, விரல் நீளத்துக்கு முள். முள்மரம் வாசலில் நின்றால் வீட்டில் சண்டை ஓயாது என்று அவள் அம்மா கோமளத்திடம் சொன்னது நான்தான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். நாளைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் கோமளம் பாக்குவெட்டியோடு உட்கார்ந்து ஒவ்வொரு முள்ளாக நறுக்கினாள்.

“மரத்தையே வெட்டிடலாமேக்கா” என்றேன்.

“பூத்து நிக்கிறத யாராச்சும் வெட்டுவாங்களா?”

விழுந்த முட்களைத் தமயந்தி டிபன் பாக்ஸில் பொறுக்கிக்கொண்டாள். காலையில் பார்த்தால் அத்தனையும் பசையால் ஒட்டப்பட்டு மரத்தில் இருந்தன. வருகிறவர்களை விரட்டத்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா கேட்டைத் தாண்டவில்லை. “வாசல்லயே முள்ளு. வாடா போலாம்” என்று காரில் ஏறிக்கொண்டார். கோமளம் படியில் உட்கார்ந்து அழுதாள். பையனோ ஒட்டிய முள்ளை அதிசயமாகத் தொட்டுப் பார்க்க, நுனி விரலில் ஏறி உடைந்துவிட்டது. தமயந்தி வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றி, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வலிக்குதா?”

“இல்லங்க. மெதுவாவே எடுங்க.”

கார் ஹாரன் மூன்று முறை அடித்துவிட்டது. இருவரும் நிமிரவில்லை. எனக்கு இப்போது ஒன்றும் புரியவில்லை. ஜன்னலைத் துடைக்கிற சாக்கில் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். கண்ணாடிதான் தேய்கிறது. அந்தத் துளி முள்ளை எடுக்க இவ்வளவு நேரமா?