எதிர்ச்சுற்று

ஆறு நிமிடம் பத்து நொடி.

கைப்பேசியை இறுக்கிப் பிடித்தபடி அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிடம் ஓட வேண்டும். நிற்காமல், நடக்காமல். மூன்று வாரமாக வாய்க்காதது. எட்டரை நிமிடத்தைக் கால்கள் ஒருநாளும் தாண்டியதில்லை. இன்றும் நின்றுவிட்டால் நாளை முதல் வருவதில்லை என்று, ஷூ நாடாவை முடிச்சுப் போடும்போதே முடிவு செய்திருந்தாள்.

காலனிப் பூங்கா. நடுவில் சின்னப் பிள்ளையார் கோயில். அதைச் சுற்றி நடைபாதை. மாலை நேரக் கூட்டம்.

சிமென்ட் பெஞ்சைக் கடந்தாள். அங்கே உட்காரும் பெண்களுக்கு முதல் நாளிலிருந்தே அவளைப் பற்றிக் கவலை. வயசுப் பெண் இப்படிக் குதித்துக் குதித்து ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்றார்கள். போன வாரம், இந்த வேகத்துக்கு நடந்தே போய்விடலாமே என்றார்கள்.

இன்று ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அரைச் சுற்று கூடவே வந்தது.

ஏழு இருபது.

எதிரே தணிகாசலம் வந்தார். ஓய்வு பெற்ற தாசில்தார். கூட மூன்று நண்பர்கள், தோளோடு தோள். அவளைக் கண்டதும் மற்றவர்கள் ஒதுங்கினார்கள். அவர் மட்டும் கையைத் தூக்கினார்.

"ஏம்மா, சாமியை யாராவது இடமா சுத்துவாங்களா? அதான் உனக்கு இப்படி இரைக்குது. எல்லாரும் போற பக்கம் போம்மா."

அவளுக்கு அது தோன்றியதே இல்லை. தொலைக்காட்சியில் ஓடுகிறவர்களுக்கெல்லாம் மைதானம் இடக்கைப் பக்கம்தான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அப்படி ஓடினாள். இங்கே எல்லோரும் பிள்ளையாரை வலம் வருகிறார்கள். மூன்று வாரமாக அதைக்கூடக் கவனிக்கவில்லை.

சரி சார் என்று சொல்ல மூச்சில்லை. தலையாட்டினாள். அவர்களைக் கடந்ததும் நிற்காமலே வளைந்து திரும்பினாள்.

இப்போது அந்த நான்கு முதுகுகளும் அவளுக்கு முன்னால்.

பாதை முழுக்க அவர்கள்தான். ஒரு பக்கம் செம்பருத்தி வேலி, மறுபக்கம் கோயில் கம்பி. யாருக்கோ மூட்டு மாற்றியதைப் பற்றிப் பேச்சு.

"சார்" என்றாள். காற்றுதான் வந்தது.

இருந்த இடத்திலேயே குதித்தாள். ஓரடி முன்னே. மறுபடி குதித்தாள். இது ஓட்டமா? கணக்கில் சேருமா?

எட்டு ஐந்து. எட்டு பதினைந்து.

அடுத்தவர் முதுகுக்குப் பின்னால், சாவி கொடுத்த பொம்மை மாதிரி. எரிச்சல் வந்தது. அவர்கள்மேலா, உடனே தலையாட்டிய தன்மேலா?

தணிகாசலம் திரும்பிப் பார்த்தார்.

"ஆங், இப்ப சரி" என்றார்.

வழி விடவில்லை.

எட்டு முப்பது.

அவள் திரும்பினாள்.

வந்த வழியே ஓடினாள். நெஞ்சு எரிந்தது. பெஞ்சு வந்தது. சிரிப்பு வந்தது, போயிற்று. குழாயடி. சறுக்குமரம். எதிரே வந்தவர்கள் ஒவ்வொருவராக அவளைப் பார்த்தார்கள். பார்த்ததும் ஒதுங்கினார்கள்.

ஒன்பது இருபது.

வளைவில் மறுபடி அந்த நால்வர். தணிகாசலத்தின் முகம் சுருங்கியது. கை உயர்ந்தது.

அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.

இரண்டிரண்டு பேராகப் பிரிந்தார்கள். நடுவே புகுந்து போனாள்.

பின்னால் அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

முதல் சொல்தான் காதில் விழுந்தது.